மாப்பிள்ளைக்கு விசா

தோள்பட்டை இறுகிப்போன ஒரு மளிகைக்கடைக்காரரின் கையை மரிய அனிதா மெல்லத் தூக்கிக்கொண்டிருந்தபோது, மேசைமேல் கிடந்த அவளுடைய செல்போன் சிணுங்கியது. வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்திலிருந்து மெயில்.

"அண்ணே, கையை இப்படியே வச்சுக்கிட்டுப் பத்து எண்ணுங்க. இந்தா வந்துட்டேன்."

அவர் முப்பதைத் தாண்டி எண்ணிக்கொண்டிருந்தார். அனிதா திரும்பி வரவில்லை. மெயிலில் மூன்றே வரிதான், அதை நாலாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். கணவரின் பெயர் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் திருமணச் சான்றிதழில் வேறு மாதிரியும் இருக்கிறது. திருத்திய சான்றிதழை ஒரு வாரத்துக்குள் பதிவேற்ற வேண்டும். தவறினால் விண்ணப்பம் முடித்துவைக்கப்படும்.

பாஸ்போர்ட்டையும் சான்றிதழையும் போனில் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பாஸ்போர்ட்டில் பெனார்டு ஒச்சியெங். சான்றிதழில் பெர்னார்டு ஒச்சியெங். ஒரே ஒரு எழுத்து கூடுதல். அதை யார் சேர்த்தது என்று யோசிக்கவே வேண்டாம். திருமண விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்தவள் அவளேதான். சின்ன வயதில் ஞாயிறு மறைக்கல்வியில் படித்த புனித பெர்னார்டு கைவிரலில் இருந்திருக்கிறார். அவர் பெயரைத்தான் தட்டியிருக்கிறாள். கையெழுத்துப் போடும்போது இருவரும் பார்த்தார்கள். இருவர் கண்ணிலும் படவில்லை.

"ஏம்மா, எண்பது வந்துருச்சு. கை கழண்டு விழுந்துரும் போல இருக்கு" என்றார் மளிகைக்கடைக்காரர்.

பெனார்டு கென்யாவிலிருந்து காரைக்குடிக்கு உடற்கல்வி முதுகலை படிக்க வந்தவன். ஏரிக்கரை ஊரான கிசுமு அவனுடைய சொந்த ஊர். பந்தாடும்போது முழங்கால் திருகிக்கொண்டு, இரண்டு பேர் தோளில் தொங்கியபடி அனிதாவின் பிசியோதெரபி கிளினிக்குக்கு வந்தான். கால் சரியான பிறகும் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தான். ஒரு நாள் வலது காலுக்குப் பதிலாக இடது காலைக் காட்டி அகப்பட்டுக்கொண்டான். அன்றைக்கு அனிதா சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது.

திருமணத்துக்கு அவளுடைய அப்பா உபகாரசாமி குறுக்கே நிற்கவில்லை. மகிழவும் இல்லை. பதிவு அலுவலகத்துக்கு வந்தார், அமராவதிபுதூர்க் கோவிலில் சாமியார் ஆசீர்வதித்தபோது முன்வரிசையில் நின்றார், பந்தியில் இலை போட்டார். ஆனால் மருமகனைத் 'தம்பி' என்றுதான் கூப்பிட்டார். வழிப்போக்கனைக் கூப்பிடுகிற 'தம்பி'. அவர் பயம் அனிதாவுக்குத் தெரியும். ஒருநாள் அம்மா லூசியாவிடம் அவர் சொன்னது காதில் விழுந்திருந்தது. "இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு, அந்தத் தம்பி அவுக ஊருக்குத்தான போவாரு. இவளும் போயிருவா. நாம ரெண்டு பேரும் செவத்தப் பாத்துக்கிட்டு இருக்கணும்."

பெனார்டின் படிப்பு முடிந்துவிட்டது. மாணவர் விசா மாதக் கடைசியோடு முடிகிறது. அதை இந்தியக் குடிமகளின் கணவர் என்ற வகைக்கு மாற்ற வேண்டும். "சென்னையில ஒரு வக்கீல் இருக்காரு, அவருகிட்ட விட்டுருங்க" என்று கிளினிக் தோழி சொன்னபோது அனிதா ஒரு ராத்திரி யோசித்தாள். பிறகு அரசாங்க இணையதளத்தில் இருந்த விதிகளை எல்லாம் அச்செடுத்து, மஞ்சள் பேனாவால் கோடு போட்டுப் படிக்க ஆரம்பித்தாள். படிக்கப் படிக்கப் பயம் போய் ஒரு ஆர்வம் வந்துவிட்டது. உடம்பில் எந்த நரம்பு எங்கே ஓடுகிறது என்று கல்லூரியில் படித்தபோது வந்த அதே ஆர்வம்.

"நம்மளே பாத்துருவோம். நம்ம கல்யாணம்தான? நம்மளவிட யாருக்கு நல்லாத் தெரியும்?" என்றாள் பெனார்டிடம்.

அப்படிச் சொன்னவள்தான் இன்றைக்கு மெயிலைக் கையில் வைத்துக்கொண்டு, வியர்த்துப்போய் நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். பெனார்டு பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தான்.

"எங்க அப்பா பேரு பதியப் போனப்ப அப்படித்தான் எழுதிக் குடுத்துருக்காரு. எங்க ஊருல பாதிப் பெனார்டுக்கு அந்த எழுத்து இல்ல" என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "நீ எனக்கு ஒரு எழுத்தக் கூட்டிக் குடுத்த. மத்தவுக குறைக்கத்தான் செய்வாக" என்றான்.

அவன் தமிழ் விடுதியிலும் மைதானத்திலும் கற்றுக்கொண்டது. அழும் நிலையில் இருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவர்கள் திருமணம் பதிவான சிறப்புத் திருமணச் சட்டத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். கிட்டத்தட்டக் கடைசியில், நாற்பத்தொன்பதாவது பிரிவில், அவள் தேடியது இருந்தது. பதிவேட்டில் எழுத்துப்பிழை கண்டால், கண்டுபிடித்த ஒரு மாதத்துக்குள், மணமக்கள் முன்னிலையிலேயே, ஓரத்தில் குறிப்பு எழுதித் திருமண அலுவலர் திருத்தலாம்.

"இருக்கு! பெனார்டு, இருக்கு!" என்று கத்தினாள். அடுப்படியிலிருந்து லூசியா கரண்டியோடு ஓடிவந்தார். பாம்பைத்தான் பார்த்துவிட்டாளோ என்று அவருக்குப் பயம்.

மறுநாள் திருமணத்தைப் பதிந்த அலுவலகம் திறக்கும்போதே இருவரும் வாசலில் நின்றார்கள். அலுவலர் நடுவயதுப் பெண், துர்காதேவி. அனிதா நீட்டிய தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். இருமுறை படித்தார்.

"இந்தப் பிரிவுல எனக்கு இதுதாம்மா மொத தடவை. மேலிடத்துல ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன். உக்காருங்க."

உள்ளறைக்குப் போய்ப் போனில் பேசினார். வெளியே மின்விசிறி சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பெனார்டின் கையை அனிதா இறுக்கிப் பிடித்திருந்தாள். அலுவலர் வெளியே வந்து பதிவேட்டை விரித்தபோதுதான் விட்டாள்.

ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்பு எழுதப்பட்டது. இருவரும் அதன்கீழ் கையெழுத்துப் போட்டார்கள். இந்த முறை ஒவ்வொரு எழுத்தையும் அனிதா வாய்விட்டுப் படித்தாள். பெனார்டு தன் பங்குக்குப் படித்தான். துர்காதேவியும் படித்தார். மூவரும் சேர்ந்து படித்ததைப் பார்த்து அடுத்த மேசைக்காரர், "ஜெபம் சொல்ற மாதிரியில்ல இருக்கு" என்றார். திருத்திய நகலை அன்று மதியமே இணையத்தில் ஏற்றிவிட்டாள்.

அடுத்து வர வேண்டியது போலீஸ் விசாரணை. கணவனும் மனைவியும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்களா என்று நேரில் பார்த்து எழுதுவார்கள். எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. பெனார்டு இரண்டு நாள் வீட்டைவிட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் சனிக்கிழமை. கோவிலூர்ப் பக்கம் கால்பந்துப் போட்டியின் இறுதியாட்டம்.

"சனிக்கிழமை யாரு வரப்போறாக? போய் விளையாடிட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தவளும் அனிதாதான்.

நாலு மணிக்கு வாசலில் பைக் வந்து நின்றது. "நான் பாண்டிமுருகன், எஸ்.எஸ்.ஐ. விசா விசாரணைக்கு வந்துருக்கேன். பெனார்டு ஒச்சியெங் இருக்காரா?"

அனிதா போனைக் கையில் எடுத்துவிட்டாள். "வெளிய போயிருக்காக சார். இப்பக் கூப்பிட்டுர்றேன்."

போன் அடித்தது, அடித்தது, நின்றது. மைதானத்தோரம் ஏதோ ஒரு பையில் கிடக்கும்.

"நாளையிலேருந்து எனக்குத் திருவிழா பந்தோபஸ்தும்மா. ஒரு வாரம் இங்குட்டு வர முடியாது" என்றார் அவர். குரலில் கடுமை இல்லை. "ஆளைப் பாக்காம நான் பாத்தேன்னு எழுத முடியாதுல்ல. ஒரு மணி நேரம் இருக்கேன். அதுக்கு மேல ஆனா, முகவரியில ஆள் இல்லைன்னுதான் போடணும்."

கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்த உபகாரசாமி இதைக் கேட்டார். துண்டால் கையைத் துடைத்தார். சாவியை எடுத்தார். பழைய புல்லட்டை உதைத்தார். அது முதல் உதையிலேயே கிளம்பியது.

"ஏறுத்தா!" என்றார்.

லூசியா ஏற்கெனவே மோர்ச் சொம்போடு திண்ணமாக எஸ்.எஸ்.ஐ. எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். "உக்காருங்க சார். நீங்க எந்த ஊருப் பக்கம்?" அனிதாவுக்கு நம்பிக்கை வந்தது. அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தவர்கள் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எழுந்ததில்லை.

காரைக்குடிக் கடைத்தெருவுக்குள் அப்பா இப்படி ஓட்டி அவள் பார்த்ததில்லை. லாரிக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் புகுந்தார். ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. "அப்பா, மெதுவா!" என்று அவள் கத்த, "நீ மணியப் பாரு, ரோட்ட நான் பாத்துக்கிறேன்!" என்று அவர் கத்தினார். அவள் அவர் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும், ஏனென்று தெரியாமல், அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

மைதானத்தைச் சுற்றி ஊரே நின்றது. ஒன்றுக்கு ஒன்று சமநிலை. பெனார்டு பந்தோடு வலதுபக்கமாக ஓடிக்கொண்டிருந்தான். உபகாரசாமி வண்டியை நிறுத்தினார், களத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்டக்களத்துக்குள்ளேயே நடந்தார். நடுவர் விசில் ஊதினார். உபகாரசாமி சட்டை செய்யவில்லை.

"மாப்ளே! ஏ மாப்ளே! விளாண்டது போதும், வாங்க!"

பெனார்டு ஒரு கணம், வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்துத் திரும்பிப் பின்னால் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. பந்தை அப்படியே விட்டுவிட்டு நின்றான்.

"வீட்டுக்குப் போலீஸ் வந்துருக்கு மாப்ளே!"

கூட்டம் சட்டென்று அடங்கியது. எதிரணிப் பையன்கள் இரண்டு பேர் மெல்லப் பின்வாங்கினார்கள். அனிதா கயிற்றோரம் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். "விசாவுக்குய்யா! விசா விசாரணைக்கு!"

சிரிப்பலை மைதானத்தைச் சுற்றி ஓடியது. பெனார்டின் அணிக் கோல்கீப்பர் சோணை ஓடிவந்து, "அண்ணே, இன்னும் அஞ்சு நிமிசம்தாண்ணே" என்று கெஞ்சினான். உபகாரசாமி அவன் தோளைத் தட்டினார். "அடுத்த வருசமும் இவரு இங்கதாண்டா இருப்பாரு. அப்ப விளாடுவாரு. இப்ப விடு."

அதைச் சொல்லும்போது அவர் அனிதாவைப் பார்க்கவில்லை. அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று பேரும் புல்லட்டில் ஏறப்போனார்கள். "வீட்டுல இருக்குறதே போலீஸு. மூணு பேராப் போய் இறங்குனா மொதல்ல அபராதம்தான் போடுவாரு" என்றாள் அனிதா. சோணை தன் ஸ்கூட்டர் சாவியை அவளிடம் எறிந்தான். முன்னால் புல்லட்டில் அப்பா. பின்னால், முட்டிவரை சேறு படிந்த காலுறையோடு, அவர் தோளைப் பிடித்தபடி பெனார்டு. வழிநெடுக இருவரும் ஏதோ கத்திப் பேசிக்கொண்டே போனார்கள். காற்றில் அவளுக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

வீட்டில் பாண்டிமுருகன் மூன்றாவது சொம்பு மோர் குடித்துக்கொண்டிருந்தார். சேறும் வியர்வையுமாக வந்து நின்ற பெனார்டை ஏற இறங்கப் பார்த்தார்.

"தமிழ் தெரியுமா?"

"தெரியும் சார். எழுதத்தான் கொஞ்சம் தடுமாறும்."

"எங்க தங்கியிருக்கீக?"

"இங்கதான் சார். மாடி ரூமு. மழை பேஞ்சா ஒழுகும், ஒரு சட்டி வச்சிருக்கோம்."

லூசியா தலையில் அடித்துக்கொண்டார். பாண்டிமுருகன் மீசைக்குள் சிரித்தபடி எழுதினார். பாஸ்போர்ட்டையும் சான்றிதழையும் அருகருகே வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். ஓரத்துச் சிவப்புக் குறிப்பில் விரல் நின்றது. அனிதா எட்டிப் பார்த்தாள். விரல் நகர்ந்தது.

கடைசியாக உபகாரசாமி பக்கம் திரும்பினார். "வீட்டுக்காரர் நீங்கதான? இவரு இங்கதான் தொடர்ச்சியா இருக்காரா?"

"இங்க இல்லாம எங்குட்டுப் போவாரு?" உபகாரசாமிக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "காலையில தோட்டத்துக்கு மோட்டார் போட்டு விடுறது யாரு? போன வாரம் மாடு கன்னு போட்டப்ப கூட நின்னு இழுத்தது யாரு? எனக்குச் சளி புடிச்சப்ப, அவுக ஊரு மாதிரி இஞ்சித் தண்ணி காய்ச்சிக் குடுத்தாரு, வாயில வைக்க முடியாது. எழுதிக்கங்க சார். அதையும் எழுதிக்கங்க."

"அவ்வளவுக்கு இடம் இல்லைங்கய்யா" என்றார் பாண்டிமுருகன். "உறவுமுறை என்னன்னு மட்டும் சொல்லுங்க."

"எம் மருமகன்."

பெனார்டு குனிந்து காலணியின் கயிற்றை அவிழ்த்தான். நெடுநேரம் அவிழ்த்தான்.

ஒன்பது நாள் கழித்து, மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது மெயில் வந்தது. அனிதா அப்போது ஒரு டிரைவரின் இடுப்புக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். இந்த முறை எண்ணச் சொல்லவும் மறந்து வாசலுக்கு ஓடினாள். விசா வகை மாற்றம் அனுமதிக்கப்பட்டது. வசிப்பிட அனுமதி இணைக்கப்பட்டுள்ளது. பெயர்: பெனார்டு ஒச்சியெங். நடுத்தெருவில் நின்று கணவனுக்குப் போன் போட்டாள். இரண்டு பேரும் போனில் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். வெளியே வந்து பார்த்த டிரைவர், இடுப்பைப் பிடித்தபடியே, "நல்ல சேதிதானம்மா?" என்று கேட்டார்.

சாயங்காலம் கிசுமுவுக்கு வீடியோ போட்டார்கள். பெனார்டின் அம்மா அந்தப் பக்கம் குலவை இட்டார். லூசியாவுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும், இந்தப் பக்கமிருந்து பதிலுக்குக் குலவை இட்டார். இரண்டு அம்மாக்களும் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாமல் கால்மணி நேரம் பேசினார்கள். கிறிஸ்துமஸுக்கு வருவதாக அனிதா வாக்குக் கொடுத்தாள். இனிப் போய்விட்டுத் திரும்பி வர எந்தத் தடையும் இல்லை.

பேச்சு முடிந்த பிறகும் உபகாரசாமி நாற்காலியைவிட்டு எழவில்லை. அணைந்துபோன திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏத்தா, மாப்ளே ஊரு ஏரி ரொம்பப் பெருசா?"

"அக்கரை தெரியாதாம்ப்பா."

அவர் தாடையைச் சொறிந்தார். மருமகனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"எனக்கு ஒரு பாஸ்போர்ட்டு எடுக்கணும்னா என்னென்ன பேப்பர் வேணும்?"