அளவுக்குள் நில்லாத கொம்பு

துணை தேடும் கலைமான்களின் முழக்கம் ஓய்ந்து மூன்று வாரம் கழிந்திருந்தது. டான்யூப் ஆற்றின் வெள்ளச் சமவெளிக் காட்டில் கூதிர் வந்து அமர்ந்தது. நோன்பு பூண்டவர் அணிகலன் களைவதுபோல் ஓக்கு மரங்கள் தம் செம்பொன்னை ஒவ்வோர் இலையாக இறக்கிவைத்தன. பழைய வாய்க்கால்களிலிருந்து எழுந்த பனி உச்சிப்பொழுதிலும் கலையாது மரங்களின் இடுப்பளவில் நின்றது. போரிட்டு மெலிந்த கலைகள் புதர்களுக்குள் எங்கோ ஒடுங்கிக் கிடந்தன. எதையோ சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டதைப் போல, காடு முழுவதும் ஒரே மௌனம்.

வேட்டை அலுவலகத்தின் அளவை அறையில், ஒட்டீலியா எஃகு நாடாவைக் கொம்பின் அடிவளையத்தில் பொருத்தி, வெளிவளைவின் வழியே மகுடத்தின் நுனிவரை இழுத்துச் சென்றாள். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கொம்பளந்து புள்ளியிடும் கை அது.

"இடது தண்டு, தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு சென்டிமீட்டர்."

எதிரே அலுவலகத்தின் முதிய எழுத்தர் கெல்லேர்ட் எழுதிக்கொண்டார். ஒவ்வொரு தண்டையும் இருமுறை அளப்பது விதி. அவள் மீண்டும் அளந்தாள்.

"தொண்ணூத்தொம்பது புள்ளி ஆறு."

"எதை எழுதட்டும் தாயி? ரெண்டையும் கூட்டிப் பாதியா?"

மூன்றாம் முறை நூற்றொன்று வந்தது. மேசை விளிம்பில் பதித்திருந்த பித்தளைக் கோலில் அவள் நாடாவைச் சரிபார்த்தாள், இம்மியும் பிசகில்லை.

"காயக் காயக் கொம்பு சுருங்கும்னு முப்பது வருஷமா ஊருக்கே சொல்லிட்டிருக்கேன். என் மானத்தை வாங்கன்னே ஒண்ணு வந்திருக்கு" என்றார் கெல்லேர்ட். பிறகு கணப்படுப்பருகே நின்றவனைப் பார்த்துக் கண்சிமிட்டினார். "ஏம்ப்பா அம்ப்ருஷ், மண்டையை அவிச்ச தண்ணியில ஈஸ்ட்டு கீஸ்ட்டு போட்டுட்டியா?"

அம்ப்ருஷ் ஒட்டீலியாவின் தம்பி, வேட்டை வழிகாட்டி. வெளிநாட்டு விருந்தாளி சுட்ட அந்தக் கலையின் கொம்பை, மண்டையோடும் கீழ்த்தாடையோடும் கம்பியால் கட்டிக் கொண்டுவந்தவன் அவனே. எதைச் சுடலாம் என்று சொல்வது வழிகாட்டியின் பொறுப்பு. வளரவேண்டிய இளங்கலையைச் சுடவிட்டால் அவன் பேரில் பிழைக்குறி விழும். அம்ப்ருஷுக்கு ஏற்கெனவே ஒன்று உண்டு. இன்னொன்று விழுந்தால் வேலை போகும். அவன் மனைவி போர்பாலாவும் இரண்டு கைக்குழந்தைகளும் இருக்கும் காட்டு வீடும் அதனோடு போகும்.

அவன் சிரிக்க முயன்றான். உதடுதான் அசைந்தது.

கெல்லேர்ட் கொம்பைத் தராசில் ஏற்றினார். முள் ஏழு கிலோவைத் தாண்டி நின்றது. நின்றபின், யாரும் தொடாமலே, மெல்ல மேலும் நகர்ந்தது. அவர் கொம்பை மேசையில் இறக்கிவிட்டுச் சிலுவைக்குறி இட்டுக்கொண்டார். "நான் போய் காப்பி வைக்கிறேன்" என்று வெளியேறியவரின் காலடி, சமையலறைப் பக்கம் போகாமல் வாசல் பக்கம் போயிற்று.

ஒட்டீலியா தாடையை வெளிச்சத்தில் திருப்பினாள். பல் தேய்வு பன்னிரண்டு வயதைச் சொன்னது. ஆனால் கொம்பைத் தாங்கும் எலும்புக் காம்புகள் நெடியவை, ஒல்லியானவை. ஆறு வயதுக்கு மேல் இராது. தாடையின் துளைகளிலோ ஆற்று வண்டல் படிந்திருந்தது.

"இது இந்த மண்டையோட தாடை இல்லடா."

"அக்கா..."

"யாரோடது?"

அவன் முகத்தைக் கைகளால் துடைத்துக்கொண்டான். "அந்த உடைஞ்ச குரல்காரக் கிழவனோடது. உனக்குத்தான் தெரியுமே, இருமுற மாதிரி முழங்குமே, அந்தக் கலை. காலையில பனி, ஒண்ணும் தெரியல. அதோட குரல் கேட்டுச்சு. சத்தியமாக் கேட்டுச்சுக்கா. குரல் வந்த இடத்துல கொம்பு தெரிஞ்சது. சுடுங்கன்னுட்டேன். கிட்டப் போனா, சின்னப்பய."

"அப்ப கிழவனோட தாடை உன் கைக்கு எப்படி வந்துச்சு?"

"பிப்ரவரி வெள்ளத்துல செத்து ஒதுங்கியிருந்துச்சு. நான்தான் தாடையை எடுத்துக் கொட்டகையில மாட்டுனேன்."

"பிப்ரவரியில செத்துது. செப்டம்பர்ல முழங்குனது யாரு?"

சன்னல் கண்ணாடியில் பனி வந்து முகம் வைத்தது.

அவள் நான்காம் முறை அளந்தாள். நூற்றுமூன்று. சென்ற ஆண்டு அந்தக் கிழக்கலை உதிர்த்த கொம்பை அவளே அளந்திருந்தாள்: நூற்றொன்பது. இந்தக் கொம்பு எங்கே போகிறதென்று அவளுக்குப் புரிந்தது. கட்டிவைத்த தாடைக்கு ஏற்றபடி அது தன்னை வளர்த்துக்கொண்டிருந்தது.

அம்ப்ருஷும் புரிந்துகொண்டான். அவன் குரல் தணிந்து இழைந்தது. "அக்கா, விட்டுடேன். அதுவே வளருது பாரு. நீ பொய் எழுத வேணாம். சாயங்காலம் வரைக்கும் சும்மா இருந்தாப் போதும்."

அவள் உள்ளங்கையை அடிவளையத்தின்மேல் வைத்தாள். வெந்து வெளுத்த எலும்பு வெதுவெதுப்பாக இருந்தது. அதன் உள்ளே, மிக ஆழத்தில், ஒன்று துடித்தது. வேனிலில் உயிருள்ள மானின், பூந்தோல் போர்த்து வளரும் கொம்பு துடிப்பதுபோல் இல்லை. அடைத்த கதவை உள்ளிருந்து தட்டுவதுபோல் இருந்தது.

"வளருதுன்னா நினைக்கிற? செத்துப்போனது ஒண்ணு இந்தச் சின்னதோட மண்டைக்குள்ள குடியேறுது. இதோட தாடை எங்கடா?"

அவன் மேலங்கிப் பையிலிருந்து துணிப்பொட்டலம் ஒன்றை எடுத்தான். "மூணு தடவை ஆத்தங்கரைக்குப் போனேன். வீச முடியல."

தேயாத வெண்பற்கள். ஒட்டீலியா கம்பியை வெட்டிக் கிழக்கலையின் தாடையை அறையின் மறுகோடியில் வைத்தாள். உரிய தாடையை மண்டையின்கீழ்ச் சேர்த்தாள். கொம்பு அவள் கையடியில் குளிர்ந்தது. அளந்தாள்: தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு. மறுமுறையும் அதுவே. வயது ஆறு என்று எழுதி, பிழைக்குறிக் கட்டத்தில் தம்பியின் பேரில் குறியிட்டுக் கையொப்பமிட்டாள்.

"போச்சா?" என்றான் அவன், நாற்காலியில் சரிந்து.

"போச்சு."

"போர்பாலாகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்?"

"நானும் வர்றேன். என் வீட்ல ரெண்டு ரூம் சும்மாதான் கிடக்கு. தொட்டிலைத் தூக்கிட்டு வாங்க." அவள் சற்றுத் தயங்கினாள். "சுட்டதும் வாயில தழை வைப்போமே, அந்தக் கடைசிக் கவளம் குடுத்தியா இதுக்கு?"

அவன் தலையசைத்து மறுத்தான். "பயத்துல தலையை அறுத்துட்டு ஓடிவந்துட்டேன்."

பின்பு அவனே எழுந்து முற்றத்துக்குப் போனான். இன்னும் பச்சை மாறாத ஓக்குச் சிறுகிளை ஒன்றை, கத்தி தொடாமல், கையால் ஒடித்து வந்தான். தொப்பியைக் கழற்றினான். மேசைமுன் முழந்தாளிட்டு, அந்த இளம்பற்களின் நடுவே பசிய கிளையை வைத்து, ஊட்டுபவனைப்போல் விரலை அங்கேயே சிறிதுநேரம் நிறுத்தினான். ஒட்டீலியா அவனருகே முழந்தாளிட்டு வேண்டினாள்.

"காட்டைப் படைத்த ஆண்டவரே, இந்த இளம் உயிரை உம் தழை வற்றாத மேய்ச்சலில் சேர்த்தருளும். தன் குரலை விட முடியாமல் அலையும் முதிய உயிருக்கும் ஓய்வு தாரும். உண்மையைக் கொண்டுவந்த இந்தக் கைகளை ஆசீர்வதியும்; இவன் குழந்தைகள் உறங்கும் கூரையின்மேல் உம் நிழல் தங்குவதாக. ஆமென்."