லாரன்ஸ் சொன்ன சிங்கம்

நண்பகல் வெயிலைக் குடித்துக் குண்டாற்று மணல் அடங்கிக் கிடக்க, சீமைக்கருவேலங் காட்டின் கரிமூட்டப் புகை நூலென எழுந்து நூலெனவே கலைய, கொத்தமல்லி அறுத்த கரிசற் புன்செய்களைக் கடந்து அருப்புக்கோட்டைப் பேருந்தொன்று புழுதியைப் பின்னிழுத்தவாறு திருச்சுழிக்குள் நுழைந்த மாலைப்பொழுது அது. அவ்வொலி கேட்குந்தோறும் கைவேலையை நிறுத்தித் தெருவை நோக்குவது அற்புதமேரியின் வழக்கம். அப்பேருந்தில் நடத்துநராய் நின்ற அவள் கணவன் லாரன்ஸ் மறைந்து ஈராண்டு கடந்தும், நண்பரே, அவளுடைய செவி மட்டும் அதை நம்பவில்லை.

கைக்கடிகாரம் மலிந்த காலத்தும் அவன் காக்கிச் சட்டைப்பையில் சங்கிலிக் கடிகாரமே உறங்கும். நேரம் கேட்ட பயணிக்கு நேரத்தோடு கதையும் கிடைக்கும்: "சிங்க முத்திரை போட்ட சீமை வெள்ளிய்யா! எங்க பாட்டனுக்குத் துரை கழட்டிக் குடுத்தது." தமையன் மனைவி ஈவாவோ, "தகரத்துக்கு இம்புட்டுப் பேச்சா?" என்பாள். அவன் போனபின்பும் அச்சொல் போகவில்லை. ஆதலின் அன்று மாலை, பழம்பொருள்களை மதிப்பிடும் விஜயபாண்டி மதுரையிலிருந்து ஈவா வீட்டு விளக்குகளைப் பார்க்க வந்திருப்பதறிந்து, கடிகாரத்தை முந்தானையில் முடிந்துகொண்டு அங்கே சென்றாள். விற்பதற்கன்று, தன் கணவன் பொய்யனல்லன் என்பதை அறிந்தவர் வாயால், அதுவும் ஈவாவின் முன்னிலையில், கேட்பதற்கு.

விஜயபாண்டி உருப்பெருக்கியைக் கண்ணிற் பொருத்திப் பின்மூடியைத் திறந்தார். அதன் உட்புறம் ஆடிபோல் பளபளத்தது.

"அம்மா, இத எதுல தேச்சீங்க?"

"புளியும் சாம்பலும்தான். கிறிஸ்மஸுக்கு வெளக்கு தேய்க்கையில இதையும் தேச்சிருவேன். ஏன், அழுக்கு இருக்கா?"

"அழுக்கு இல்ல. முத்திரையும் இல்லம்மா. தேஞ்சுபோச்சு."

"இருந்தாத்தான தேய்றதுக்கு!" என்று சிரித்தாள் ஈவா.

அற்புதமேரியின் முகம் வெளிறியது. லாரன்ஸ் அம்மூடியைத் திறந்து சாவி முடுக்குகையில் கட்டைவிரல் பதிந்த இடம் அது. ஆண்டுதோறும் அவள் அழுத்தித் தேய்த்ததும் அவ்விடத்தையே. கணவனுக்குச் சான்று சொல்ல இருந்த ஒரே நாவைத் தன் கையே அறுத்துவிட்டதென எண்ணினாள்.

விஜயபாண்டி சாவித்துளை இரண்டுடைய உள்மூடியின் விளிம்பில் நகத்தைச் செலுத்தினார்.

"இதத் தெறந்திருக்கீங்களா?"

"அது வேற தெறக்குமா?"

திறந்தது. புளியும் சாம்பலும் எட்டாத அவ்வுட்புறம் நாவற்பழமெனக் கறுத்திருந்தது. அக்கறுப்பினுள் எள்ளினும் சிறிய மூன்று உருவங்கள் நின்றன.

"வெள்ளிதாம்மா, நயமான வெள்ளி. ஆனா சிங்கமில்ல, கரடி. அது சுவிட்சர்லாந்து முத்திரை. அங்க செஞ்சு இங்கிலாந்துக்கு அனுப்புனது. துரை குடுத்தாரான்னு கேட்டா, அதக் கடியாரம் சொல்லாது. பின்மூடி முத்திரை போனதால வில பாதிதான் தேறும்."

"பாத்தியா மேரி! சிங்கம்னு சொல்லிக் கரடி விட்டுட்டுப் போயிருக்காரு எங் கொழுந்தனாரு!" என்ற ஈவா, கடிகாரத்தை வாங்கி உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள். பிறகு குரல் தாழ்த்தி, "வெள்ளிதான் போல" என்றாள்.

அற்புதமேரிக்குச் சிரிப்பு வந்தது. "அவுக என்னைக்குக்கா உள்ளத உள்ளபடி சொன்னாக? என்னையப் பொண்ணு பாத்துட்டுப் போயி, மேரி மாதா மாதிரி இருக்கான்னு ஊரெல்லாம் சொன்னவுகதான!"

"அப்பவே நாங்க நம்பல" என்றாள் ஈவா. இருவரும் நகைத்தனர்; நகைத்தவாறே அற்புதமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாண்டவனை ஈராண்டாக ஒரு குறையுமின்றி நினைந்து நினைந்து, மாடத்துப் படம்போல் ஆக்கி வைத்திருந்தாள். வாய் நிறையப் புளுகும் தன் லாரன்ஸ் இன்றுதான் திரும்பி வந்தான். அவன் சொல்லில் ஒப்பனை இருந்தது, கலப்படம் இருந்ததில்லை.

விலையை அவள் கேட்கவே இல்லை. ஈவாவிடமிருந்து கடிகாரத்தை வாங்கி, உள்மூடியைத் தானே அழுத்தி மூடிக்கொண்டு நடந்தாள்.

மறைந்தோரை அன்பினால் தேய்த்துத் தேய்த்து நாம் பொலிவுறச் செய்யுங்கால், அவர்தம் அடையாளமும் உடன் தேய்ந்துவிடுகின்றது. நம் கை புகாத ஏதோ ஓர் உள்ளிடத்தில், கறுத்தவாறே, அவர் உள்ளபடி இருக்கின்றார்.