வெட்டியதாக நினைத்த காட்சி

பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்துபோன அந்த லாரி ஓட்டுநரை மறுபடி நடக்கவைத்தவள் மருத்துவமனையின் பிசியோதெரபிஸ்ட். எல்லோருக்கும் அவர் 'டிரைவர் ஐயா'. "கிளட்ச் போயிடுச்சும்மா, கியர் விழமாட்டேங்குது" என்று இடது தொடையைத் தட்டிக் காட்டிச் சிரிப்பார். அவர் முதன்முதலாகக் கைப்பிடிக் கம்பியை விட்டுவிட்டு நடந்ததை அவள் செல்போனில் படம்பிடித்திருந்தாள். நோயாளிகளின் வீட்டாருக்கு நடத்தும் கூட்டத்தில் அதைக் காட்டலாமா என்று கேட்டாள்.

"நடக்கிறதத்தானே? தாராளமா காட்டுங்க. நம்ம வண்டி ஓடுறத நாலு பேர் பாக்கட்டும்."

ஆனால் நடப்பதற்கு முன் அவர் விழுந்திருந்தார். விரிப்பில் உட்கார்ந்தபடியே விம்மி விம்மி அழுதார். ஸ்டாண்டில் இருந்த போன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதன் சிவப்புப் புள்ளி அவள் கண்ணில் பட்டது. அணைக்கவில்லை. விழுந்தவர் எழுந்து நடந்தால் பார்க்கிறவர்களுக்கு இன்னும் உறைக்குமே என்று ஓர் எண்ணம்.

பிறகு ஸ்லைடில் வீடியோவைச் சேர்க்கும்போது மனசு உறுத்தியது. அழுகையை ஒதுக்கி, நடக்கிற பகுதி மட்டும் ஓடும்படி சுருக்கினாள். கூட்டத்தில் அவர் பெரிய திரையில் அடியெடுத்து வைத்ததும் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அவருடைய மகள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆளாளுக்குக் கேட்டதால் பிசியோதெரபிஸ்ட் ஸ்லைடுகளை நோயாளி வீட்டாரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். இத்தனூண்டு காட்சிக்கு ஃபைல் ஏன் இப்படிக் கனக்கிறது என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் அடுத்த நோயாளி வந்துவிட்டார். விட்டுவிட்டாள்.

இரண்டொரு நாளில் மகள் தனியாக வந்து பயிற்சி அறை வாசலில் நின்றாள்.

"மேடம், அந்த வீடியோவ முழுசா ஏன் வெச்சீங்க?"

"முழுசாவா? நடக்கிறது மட்டும்தானே இருக்கு?"

வெளிநாட்டில் இருக்கும் தம்பி பார்க்கட்டும் என்று, ஸ்லைடிலிருந்து வீடியோவை மட்டும் தனியாக எடுத்துச் சேமித்திருக்கிறாள் மகள். கூட்டத்தில் பார்த்ததுதானே என்று ஓட்டிக்கூடப் பார்க்காமல், 'அப்பா நடக்கிறாரு!' என்று எழுதிச் சொந்தக்காரர்கள் குழுவிலும் போட்டுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் தம்பி கூப்பிட்டான். "அக்கா, அப்பா ஏன்க்கா இப்படிச் சொல்றாரு?"

ஸ்லைடில் அவள் சுருக்கியது ஓடுகிற அளவைத்தான். வெட்டியதாக நினைத்ததெல்லாம் ஃபைலுக்குள் அப்படியே இருந்திருக்கிறது.

மகள் தன் போனை நீட்டினாள். அதில் டிரைவர் ஐயா அழுதுகொண்டே பேசினார்.

"என் பொண்ணு என்னைக் குளிப்பாட்டும்போது மூச்ச அடக்கிக்கிறாம்மா. நாத்தம் தாங்கல அவளுக்கு. நான் பாக்காத மாதிரி கண்ண மூடிக்குவேன். பெத்த பொண்ணுக்கு இந்த வேலையா வெக்கணும்?"

மகள் போனை அணைத்தாள். "அவருக்குத் தெரியாதுன்னுதான் நினைச்சிட்டு இருந்தேன். சித்தி போன் போட்டு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. அதகூட விடுங்க. இனிமே அவர் முகத்துல எப்படி முழிப்பேன்?"

சாஃப்ட்வேர் செய்த வேலை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. பிசியோதெரபிஸ்ட் அதை விழுங்கினாள்.

"தப்பு என்மேலதான். அவர் அழும்போது போன் ஓடுதுன்னு எனக்கு அப்பவே தெரியும்."

மகள் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

ஃபைலை அழித்துவிடும்படி நோயாளி வீட்டாரின் குழுவில் பிசியோதெரபிஸ்ட் கெஞ்சி எழுதினாள். சிலர் 'சரி' என்றார்கள். ஒருவர், 'ரொம்ப உருக்கமா இருந்துச்சு, நாலஞ்சு பேருக்கு அனுப்பியாச்சே' என்று எழுதியிருந்தார்.

டிரைவர் ஐயா அடுத்து வந்தபோது, வேறு யார் வாயிலாகவும் அவர் காதுக்குப் போவதற்குள் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். சிவப்புப் புள்ளியைப் பார்த்ததையும் மறைக்கவில்லை. அவர் தன் மடங்கிய இடது கையை வலது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் உங்ககிட்ட அழுதேம்மா. போன்கிட்ட அழல."

மறுவாரம் வேறு பிசியோதெரபிஸ்ட்டிடம் மாற்றிக்கொண்டார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. எந்தப் பயிற்சிக்கு அவர் சீக்கிரம் களைப்பார், எதைச் சொன்னால் சிரித்துக்கொண்டே செய்வார் என்று புதியவரிடம் விளக்கிவிட்டு வந்தாள்.

ஒருநாள் மருத்துவமனை நடைபாதையில் மகள் எதிர்ப்பட்டாள். ஒதுங்கிப் போகப் பார்த்த பிசியோதெரபிஸ்ட்டை அவளே நிறுத்தினாள்.

"வீட்ல பேசுறாரு மேடம். ஆனா குளிப்பாட்ட விடமாட்டேங்குறாரு. ஸ்டூல்ல உக்காந்து தானே குளிக்கிறாரு. நான் கதவுக்கு வெளிய நிக்கிறேன். தண்ணிச் சத்தம் நின்னா 'அப்பா'ன்னு கூப்பிடுவேன். 'இருக்கேன்'னுவாரு. மன்னிச்சுடுங்கப்பான்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வருது. கதவு நடுவுல இருக்கு."

தானாகக் குளிப்பது பெரிய முன்னேற்றம். வேறு நோயாளியாக இருந்தால் கைகொடுத்துப் பாராட்டியிருப்பாள். அந்த வார்த்தை இப்போது வாயில் வரவில்லை.

"குளியலறையில பிடிச்சுக்க கம்பி இருக்கா?"

"இல்லையே."

"இன்னைக்கே ஆள் வெச்சுப் போட்டுடுங்க. வலது பக்கம், உக்காந்தா தோள் உயரத்துக்கு. தரை வழுக்கும்."

மகள் தலையசைத்தாள்.