மூன்றாவது ஊசி

ஏசுபாதத்துக்குப் பொய் சொல்ல வராது. அதனால்தான் அந்த வாரம் புருஷனும் பெண்டாட்டியும் மழையில் நாயாய் அலைந்தார்கள்.

தொண்ணூற்றாறாம் வருஷத்துக் கார்த்திகை அது. சரசுவுக்கு ஐந்தாம் மாதம். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, கதவைச் சாத்திவிட்டு இரண்டு விஷயம் சொன்னார். இரண்டு பேர் ரத்தத்திலும் எய்ட்ஸ் கிருமி இருக்கிறது, அதற்கு இவர்கள் கைக்கு எட்டுகிற மருந்து எதுவும் இல்லை. கூடவே சிபிலிஸ் இருக்கிறது. பழைய ஆட்கள் பறங்கிப்புண் என்று சொல்வது அதைத்தான்.

"ரெண்டும் கூட்டாளிங்கம்மா. ஒண்ணு இருக்கற உடம்புல இன்னொண்ணு தைரியமா ஆடும். போன வருஷம் ஏழாம் மாசத்துல உனக்குக் கொழந்த செத்துப் பொறந்துச்சே, அது இந்த சிபிலிஸாலதான் இருக்கும்."

சரசு அப்போது புருஷனைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே அறைந்திருப்பாள். அந்தக் குழந்தைக்காக அவள் அழாத நாள் இல்லை. இடுப்பில் தண்ணீர்க் குடம் தூக்கியதால்தான் போயிற்று என்று மாமியார் சொன்னதை நம்பி, ஒரு வருஷமாகத் தன்னையே சபித்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முந்தி பம்பாய்ப் பட்டறையில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவன் கொண்டுவந்த சீர் இது என்று இப்போது தெரிந்தது.

"ஆனா இதுக்கு மருந்து இருக்கு," என்றார் டாக்டரம்மா. "பென்சிலின். வாரம் ஒண்ணுன்னு மூணு தடவ. இப்பவே போட்டா வயித்துல இருக்கற கொழந்தைய இதுகிட்டேர்ந்து காப்பாத்திடலாம். அந்த இன்னொண்ணு வருமா வராதான்னு என்னால சொல்ல முடியாது. இத மட்டும் விட்டுடாத. நடுவுல ஒரு வாரம் தவறினா மறுபடி மொதல்லேருந்துதான்."

முதல் ஊசியை இருவருக்கும் அங்கேயே போட்டார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் அவள் பெயர் வேதா. பெயரை மாற்றிக் கொடுப்பது அந்த வாசலில் எல்லோரும் செய்கிற காரியம்தான், ஏசுபாதம் கூட உளறாமல் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டான்.

அடுத்த வாரம் போனால் ஆஸ்பத்திரியில் ஊழியர் வேலைநிறுத்தம். கேட் பூட்டிக் கிடந்தது. டாக்டரம்மாவை எப்படியோ பிடித்துக் கேட்டார்கள். வெளியில் மருந்தை வாங்கி, யாராவது ஒரு நர்ஸிடம் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கூட்டத்தில் மறைந்துபோனார்.

சரசுவுக்கு வேண்டிய அளவு மருந்து கிடைத்தது. போடத்தான் ஆள் கிடைக்கவில்லை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு டாக்டர் எதற்கு இந்த ஊசி என்று கேட்டார். ஏசுபாதம் இருந்ததை இருந்தபடி சொன்னான். டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். சரசு உட்கார்ந்த ஸ்டூலை ஆயா வெளியே தூக்கிப்போய் பினாயில் ஊற்றிக் கழுவினாள், அவர்கள் கண்ணெதிரிலேயே. இன்னொரு இடத்தில், பென்சிலின் போட்டு யாராவது செத்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது இடத்தில் கேள்வி வருவதற்குள் சரசுவே எழுந்து வந்துவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் நின்றபோது அவள் சொன்னாள்: "உனக்கு வாய மூடிக்கினு இருக்கத் தெரியாதாய்யா? பம்பாய்ல என்னா பண்ணேன்னு மட்டும் அஞ்சு வருசம் மூடிக்கினு இருந்தியே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, "ஞானம்மா அக்காகிட்ட கேக்கலாம்," என்றான். "அது பொண்ணுக்கும் இதே ஊசிதான். ஹார்ட்டுக்குன்னு போடறாங்க. உனக்கும் ஹார்ட்டுன்னு சொல்லிடலாம்."

பொய் சொல்லத் தெரியாதவனுக்குக் கடைசியில் இப்படி ஒரு பொய் அகப்பட்டது.

ஞானம்மாள் கடப்பேரியில் இவர்களுக்கு அடுத்த தெருவில் இருந்தாள். புருஷன் இல்லை. சிட்லபாக்கத்தில் ஒரு நர்சிங் ஹோமில் பகல் நேர நர்ஸ் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தெருக்காரர்களுக்கு ஊசி போடுவாள், கட்டு மாற்றுவாள். மகள் அருள்மேரிக்குச் சின்ன வயதில் மூட்டுக்காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டுவிட்டது. மறுபடி காய்ச்சல் வராமலிருக்க இதே பென்சிலினை அவளுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போட்டாக வேண்டும். பத்து வருஷமாய் அம்மாதான் போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சரசுவும் அருள்மேரியும் ஒரே பாயில் உட்காருவார்கள். மாடிப்படி ஏறினாலே அருள்மேரிக்கு மூச்சு வாங்கும்.

ஹார்ட் என்றதுமே ஞானம்மாளுக்கு முகம் வாடிவிட்டது. "வயித்துப்புள்ளக்காரிக்கு இது வேறயா," என்று சரசுவின் தலையைத் தடவினாள். பிறகு மருந்தைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். "இது ரெண்டு பாட்டில் இருக்கே. அதுவும் வாராவாரமா? அருள்மேரிக்கு இப்படிச் சொல்லலியே."

"மொதல்ல மூணு வாரம் அப்டிதான் போடணும்னு சொன்னாங்கக்கா," என்றாள் சரசு. ஏசுபாதம் வாயைத் திறக்குமுன் முந்திக்கொண்டாள். அவளுக்கு வந்தது பொய். நன்றாகவே வந்தது.

"பெரிய டாக்டருங்க, தெரியாமலா சொல்லுவாங்க," என்று ஞானம்மாள் சமாதானமாகிவிட்டாள்.

புது பிளாஸ்டிக் சிரிஞ்சு ஒன்றை ஏசுபாதமே வாங்கி வந்திருந்தான். அந்த அம்மாளின் சிரிஞ்சில் சரசுவுக்குப் போட்டால், அது பிறகு தெருவில் எத்தனை பேருக்குப் போகுமோ என்று அவனுக்குப் பயம். அந்த மட்டும் மனசாட்சி இருந்தது.

அந்த மருந்து பால் மாதிரி கெட்டியானது. சட்டென்று தள்ளாவிட்டால் ஊசிக்குள் அடைத்துக்கொள்ளும். சரசு வலியில் இடுப்பை இழுத்துக்கொண்டாள், மருந்து பாதியில் நின்றுவிட்டது. "ஒண்ணுமில்ல கண்ணு, வேற ஊசி மாத்திடறேன்," என்று ஞானம்மாள் வெளியே எடுத்து, அடைத்த ஊசியை விரலால் பிடித்து இழுத்தாள். அது இறுகியிருந்தது. பலமாக இழுத்தபோது வழுக்கி, இடது ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது.

சரசு திரும்பிப் பார்த்தாள். விரல் நுனியில் பொட்டுப்போல ரத்தம். ஞானம்மாள் அதை வாயில் வைத்துச் சப்பினாள்.

"அக்கா," என்றாள் சரசு.

"அட, இது பழக்கந்தான். அருள்மேரிக்குப் போடும்போது எத்தன தடவ குத்திக்கிட்டிருப்பேன்." தன் பெட்டியிலிருந்து கொதிக்கவைத்த ஊசி ஒன்றை மாட்டி, மீதியையும் போட்டு முடித்தாள். காசு வேண்டாம் என்றுவிட்டாள். போகும்போது ஒரு டப்பாவில் கேழ்வரகு மாவு கொடுத்து, கஞ்சி காய்ச்சிக் குடிக்கச் சொன்னாள்.

தெருமுனை வந்தது. அங்கே ஏசுபாதம் நின்றான். "சொல்லிடலாம் சரசு. பாவம்."

"சொன்னா மூணாவது ஊசி யாரு போடுவா?"

"சொல்லலன்னா?"

"சொன்னா மட்டும் உள்ள போனது வெளிய வந்துருமா? அதுக்கு மருந்து கீதா? இல்லன்னுதான டாக்டரம்மா சொன்னாங்க. எனக்குப் புள்ள வேணும்யா. ஒண்ண மண்ணுல வெச்சிட்டேன். அது கண்ணக்கூடத் தொறக்கல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த வாரம் வரைக்கும் நீ வாய மூடிக்கினு கெட."

வயிற்றுப் பிள்ளைக்காக ஒரு தாய் எதையும் செய்வாள் என்று சொல்வார்கள். சொல்லும்போது அது அழகான பேச்சுதான். சரசு அந்த ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகவில்லை. கால் வலி என்றாள். அருள்மேரி மூச்சு வாங்கிக்கொண்டே வீடு தேடி வந்து, கோயிலில் அவளுக்காக மெழுகுவத்தி ஏற்றியதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பெண் படியிறங்கிப் போகும்வரை சரசுவால் நிமிர முடியவில்லை. ஞானம்மாள் இல்லாவிட்டால் அருள்மேரிக்கு வேறு நாதி கிடையாது.

மூன்றாவது வாரமும் ஆஸ்பத்திரி கேட் திறக்கவில்லை. சரசு தனியாகவே போனாள். அருள்மேரி கடைக்குப் போயிருந்தாள். இந்தத் தடவை வலித்தபோது சரசு அசையவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டையாய்க் கிடந்தாள். ஒரு பக்கம் முடிந்தது, மறுபக்கமும் முடிந்தது. பஞ்சை வைத்துத் தேய்த்துவிட்டு, "அவ்ளோதான் கண்ணு, முடிஞ்சிடுச்சு," என்றாள் ஞானம்மாள்.

மருந்து முழுக்கத் தன் உடம்புக்குள் இறங்கிவிட்டது என்று தெரிந்த பிறகு சரசு எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். ஹார்ட் இல்லை என்றாள். இந்த ஊசி எந்த நோய்க்கு என்று சொன்னாள். அதோடு கூட இருக்கும் இன்னொன்று என்னவென்று சொன்னாள்.

ஞானம்மாள் கையிலிருந்த சிரிஞ்சை மேஜைமேல் மெதுவாக வைத்தாள். இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். விரலில் தழும்புகூட இல்லை.

"ஊசிக் கணக்கு தப்பாருக்கேன்னு அன்னிக்கே தோணுச்சு," என்றாள். "கோயில்ல எம்பொண்ணு பக்கத்துல உக்கார்ற பொண்ணாச்சேன்னு விட்டுட்டேன்."

சரசு அவள் காலில் விழுந்தாள். ஞானம்மாள் கால்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"போன வாரமே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா இன்னிக்குப் போட்டிருப்பீங்களாக்கா?"

ஞானம்மாள் யோசித்தாள். அந்தக் கேள்விக்கு நியாயமாய்ப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்ததுபோல நிஜமாகவே யோசித்தாள். "மாட்டேன்," என்றாள்.

வெளியே அருள்மேரி கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஞானம்மாளின் முகம் மாறியது. குனிந்து சரசுவின் தோளை இறுகப் பிடித்து எழுப்பினாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாத," என்றாள் தணிந்த குரலில். "எம்பொண்ணுக்குத் தெரியக்கூடாது. நர்சிங் ஹோமுக்குத் தெரிஞ்சா வேல போயிடும். கெஞ்சிக் கேக்கறேன் சரசு, யார்கிட்டயும் சொல்லிடாத."

இதே வார்த்தைகளைத்தான் சரசு வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். அவள் கெஞ்ச வேண்டியதை எதிராளி கெஞ்சிவிட்டாள். அதைக் கேட்டதைவிட அந்த அம்மாள் செருப்பால் அடித்திருந்தால் தேவலை.

சித்திரையில் பிள்ளை பிறந்தான். உயிரோடு பிறந்தான், கண்ணைத் திறந்து கத்தினான். ஏசுபாதம் பிரசவ வார்டு வராந்தாவில் உட்கார்ந்து அழுதான். வேலைநிறுத்தம் முடிந்து அவனுக்கும் மறுபடி முதலிலிருந்து ஊசி போட ஆரம்பித்திருந்தாலும், மருந்தில்லாத அந்த இன்னொன்றால் அவன் அதற்குள் பாதியாக இளைத்துவிட்டிருந்தான்.

ஆனி மாதத்தில் சரசு பிள்ளையை எடுத்துக்கொண்டு அதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். சிபிலிஸ் குழந்தைக்கு இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். மற்றது ஒன்றரை வயது வரைக்கும் தெரியாது என்றார். பாதி சந்தோஷத்தோடு வெளியே வந்தவள், ரத்தம் எடுக்கும் அறைக்கு எதிரே பெஞ்சின் கோடியில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து நின்றுவிட்டாள்.

ஞானம்மாள் நிமிர்ந்தாள். எழுந்து போய்விடுவாள் என்று சரசு நினைத்தாள். போகவில்லை.

"பையனா?"

"ஆமாக்கா."

"நல்லாருக்கானா?"

"அது இல்லன்னுட்டாங்க. இன்னொண்ணு போகப்போகத்தான் தெரியுமாம்."

"எனக்கு மூணு மாசத்துல பாத்தப்போ இல்லன்னாங்க. அப்பறமும் ஒரு தடவ பாக்கணும்னாங்க. வரதுக்கு ரொம்ப கொறச்சல் சான்ஸாம், டாக்டரம்மா சொல்றாங்க." ஞானம்மாள் பிள்ளையின் காலைப் பார்த்தாள். தொடக் கையை நீட்டவில்லை. "முந்தி உனக்காக ஜெபம் பண்ணிட்டிருந்தேன் சரசு. இப்ப எனக்கே பண்ண நேரம் பத்தல."

சரசு பெஞ்சின் மறு கோடியில் உட்கார்ந்தாள். உட்காராதே என்று ஞானம்மாள் சொல்லவில்லை. உட்கார் என்றும் சொல்லவில்லை.

உள்ளேயிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். "செல்லம்மா."

யாரும் எழவில்லை.

"செல்லம்மா யாருங்க? செல்லம்மா."

வரிசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவன் சலித்துக்கொண்டு அடுத்த சீட்டைப் புரட்டப் போனான். அப்போதுதான் ஞானம்மாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. முப்பது வருஷம் நோயாளிகள் பெயரைக் கூப்பிட்டே பழகியவள், சீட்டுக்குத் தான் கொடுத்த பொய்ப்பெயரை மறந்துபோயிருந்தாள்.

"நாந்தாங்க," என்று எழுந்தாள். "செல்லம்மா நாந்தான்."

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் உள்ளே போனாள். சரசு பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்க மாட்டாமல் அழுதாள்.