ஒரு அளவு பெரிய சைக்கிள்

பின்சக்கரத்தைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டு, அது உட்காரும் இடத்தில் ஒரு பக்கம் நூலைக் கட்டி, முன்னால் ஹேண்டிலின் கழுத்தைச் சுற்றி இழுத்து, மறுபக்கம் கொண்டுவந்து முடிச்சுப் போடப் போகிற நேரத்தில் மில்லியின் ஃபோன் அடித்தது. இரண்டு கையும் வேலையாக இருந்தன. ஸ்டூலின் மேல் கிடந்த ஃபோனைக் குனிந்து மூக்கு நுனியால் கட் செய்தான்.

"யாரு தம்பி?" என்றார் சைக்கிளை விற்கிற பல் டாக்டர்.

"அக்கா சார். மருந்து வாங்கிட்டியான்னு கேப்பா."

மருந்து வாங்கத்தான் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தான். ராத்திரி முழுக்க அப்பாவின் கட்டிலருகே விழித்திருந்த அக்காவிடம், "இதோ வந்துடறேன், அப்புறம் நீ படு, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தான். பேன்ட்டுக்கு உள்ளே சைக்கிள் டிராயர் போட்டிருந்ததைச் சொல்லவில்லை. மருந்துக்கடைக்குப் போகிறவனுக்குப் பின்புறம் மெத்தை வைத்துத் தைத்த டிராயர் எதற்கு என்று கேட்கும் நிலையில் அவளும் இல்லை. டாக்டர் வீட்டு வாசலில் பேன்ட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்திருந்தான்.

எதையும் மில்லிமீட்டரில் பேசுவதால் அவன் வீட்டில் மில்லி. வெளியாட்கள் வேறு காரணம் நினைத்துக்கொள்வார்கள், அவன் மறுப்பதில்லை.

நூலுக்கும் சீட் தண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியை இரண்டு பக்கமும் ஸ்கேல் வைத்துப் பார்த்தான். சமம். ஃப்ரேம் கோணவில்லை. கழுத்துக்குக் கீழே விரலை ஓட்டினான். பெயிண்டில் சுருக்கமோ மடிப்போ இல்லை. எங்கும் இடித்த சைக்கிள் அல்ல.

"நான்தான் சொன்னேனே, என் முதுகுதான் கோணிச்சு, அது கோணல" என்றார் டாக்டர்.

அடுத்து மில்லி சுவரோடு ஒட்டி நின்று, டாக்டரின் தடித்த பல் மருத்துவப் புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு காலின் உயரத்தைக் குறித்தான். அப்போது மறுபடி ஃபோன். புத்தகம் நழுவிவிடுமே என்று அதையும் கட் செய்தான்.

நிஜத்தைச் சொன்னால், சைக்கிள் அவனுக்கு ஒரு அளவு பெரிது. முழங்கையை சீட்டின் மூக்கில் வைத்துக் கையை நீட்டினால், விரலுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே இன்னொரு கை போகும். காலைத் தூக்கிப் போட்டு நின்றபோதே மேல்குழாய் அதைச் சொல்லிவிட்டது. ஆனாலும் நூல் கட்டினான், புத்தகம் கேட்டான், சக்கரத்தைத் திரும்ப மாட்டினான், சீட்டை ஏற்றினான், இறக்கினான், ஏற்றினான். டாக்டருக்குக் கொட்டாவி வந்தது.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துடறேன் சார்."

தெருமுனை திரும்பும்போது மூன்றாவது அழைப்பு வந்தது. இப்போது ஒரு கை சும்மா இருந்ததால் எடுத்தான்.

"அப்பா போயிட்டாருடா" என்றாள் அக்கா.

மில்லி டாக்டர் வீட்டுக்குத் திரும்பவில்லை. அப்படியே நேராக வீட்டைப் பார்த்து மிதித்தான். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தான் என்று சொல்ல ஆசைதான். முதுகை வில்லாக வளைத்து, எட்டாத ஹேண்டிலை எட்டிப் பிடித்துக்கொண்டு வந்தான். இறக்கத்தில் கையை விட்டபோது சைக்கிள் எந்தப் பக்கமும் இழுக்காததை மனசு குறித்துக்கொண்டது. ஹேண்டில் தண்டைக் குட்டையாக மாற்றிவிட்டால் போதுமோ என்று ஒரு சிக்னலில் யோசித்தும்விட்டான். விளக்குப் பச்சையான பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

வீட்டு வாசலில் இறங்கியபோது பல் டாக்டர் கூப்பிட்டார். அந்த அழைப்பை முதல் மணியிலேயே எடுத்தான். விஷயத்தைச் சொல்லி, முகவரியும் சொன்னான்.

உள்ளே நுழைந்ததும் அத்தை ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"ஐயோ, என் அண்ணன் பெத்த புள்ளயப் பாருங்க! துணிகூட மாத்தாம டிராயரோட ஓடி வந்திருக்கு! மருந்துக்கு எங்கெல்லாம் அலைஞ்சானோ!"

"பாசம்னா இதுதான்" என்றார் பக்கத்து வீட்டு ஹெட்மாஸ்டர். "எங்க வீட்லயும் ஒருத்தன் இருக்கானே, பாயசத்துக்குக் கூப்பிட்டாலே குளிச்சிட்டுத்தான் வருவான்."

எல்லோரும் டிராயரை மரியாதையோடு பார்த்தார்கள். அது பளபளத்தது. மில்லி பனியனை முடிந்த மட்டும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு கட்டிலருகே போனான். அப்பாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது, ஏதோ பதிலுக்குக் காத்திருப்பவர் போல. அக்கா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்தாள். டிராயரைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஆட்டோ வந்து நின்றது. பல் டாக்டர் மடித்த பேன்ட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் வாசலில் தடுமாறினார்.

"நீங்க யாரு?" என்றாள் அத்தை.

"டாக்டருங்க."

"இப்ப வந்து என்ன பிரயோஜனம்? மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடந்தப்ப எங்க போனீங்க?"

"நான் பல்லுக்குத்தாங்க..."

"எதுக்கா இருந்தா என்ன? டாக்டர்னா நேரத்துக்கு வர வேணாமா?"

"மன்னிக்கணும்மா" என்றார் பல் டாக்டர். கண்ணும் கலங்கியிருந்தது. மில்லி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த மன்னிப்பைப் பாதி வழியில் மறித்து வாங்கிக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டது. அவன் நகரவில்லை.

அக்கா எழுந்து வந்தாள். பேன்ட்டை அடையாளம் கண்டுகொண்டாள்; அதை இஸ்திரி போட்டவளே அவள்தான்.

"இது தம்பியோடது" என்று டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "சைக்கிள் பாக்க வந்தப்போ எங்க வீட்ல வச்சிட்டாரு."

"அந்த டாக்டருக்கு இங்க என்னடி வேலை?" என்று அத்தை உள்ளிருந்து கேட்டாள்.

"தம்பி அவசரமா வர்றதுக்கு சைக்கிள் குடுத்தவரு அத்தை" என்றாள் அக்கா. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மில்லிக்குக் காது சுட்டது.

மூன்று பேரும் வாசலில் சைக்கிளைச் சுற்றி நின்றார்கள்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான்" என்றார் டாக்டர். "எடுத்துக்கறீங்களா?"

"எனக்குப் பெருசு சார்."

டாக்டர் தலையாட்டினார். அக்காவைக் கும்பிட்டுவிட்டு ஏறி, முதுகைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மிதித்துப் போனார்.

"பெருசுன்னு எப்பத் தெரிஞ்சுது?" என்றாள் அக்கா.

"ஏறி நின்னப்பவே."

"அப்புறம் எதுக்குடா அவ்வளவு நேரம்?"

வீட்டில் அப்பா மூச்சு இழுக்கிற சத்தம் இருந்தது, நூல் கட்டிக்கொண்டிருந்தால் அது கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம்.

"நீ கூப்பிட்டியே, முதல்ல..." என்றான்.

"நான் எங்க கூப்பிட்டேன்? அப்பாதான் போடச் சொன்னாரு. ரெண்டு தடவையும்."

"என்ன சொல்லணும்னு..."

"கட் பண்ணிட்டான்ப்பான்னு சொன்னேன்." அக்கா பேன்ட்டை அவன் கையில் கொடுத்தாள். "ஏதோ வேலையா இருப்பான், விடுன்னாரு. போட்டுக்கிட்டு வா. பெட்டிக்காரர் வந்துட்டாரு."

சவப்பெட்டி செய்கிற அவர் நிதானமானவர். கட்டிலை ஒருமுறை சுற்றிவந்து, "ஐயா எவ்வளவு உயரம் இருப்பாரு?" என்று பொதுவாகக் கேட்டார்.

"என்னைவிட ஒசரம்" என்றார் ஹெட்மாஸ்டர், நிமிர்ந்து நின்று காட்டி.

"மில்லியைக் கேளுங்க" என்றாள் அத்தை. "அவன் அளக்காதது இந்த வீட்டுல எது?"

எல்லோரும் திரும்பினார்கள். தன் காலின் உயரம் அவனுக்குத் தெரியும், கையின் நீளம் தெரியும், தோளின் அகலம் தெரியும். முன்பின் தெரியாத ஒரு பல் டாக்டருடைய சைக்கிளின் மேல்குழாய் நீளம்கூட இப்போது தெரியும்.

"தெரியல" என்றான்.

"பரவால்ல தம்பி. யாருக்குமே தெரியாது, எல்லா வீட்டுலயும் இதேதான். இதக் கொஞ்சம் குதிகால்ல பிடிங்க."

கால்மாட்டில் முட்டி போட்டு உட்கார்ந்து, டேப்பின் நுனியை அப்பாவின் குதிகாலோடு சேர்த்துப் பிடித்தான். குதிகால் வெடித்து, சொரசொரப்பாக, அவன் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. பெட்டிக்காரர் தலைமாட்டுக்கு நடந்து, குனிந்து பார்த்தார்.

"ஒட்டிப் பிடிக்க வேணாம் தம்பி. கொஞ்சம் தாராளமா விட்டுத்தான் செய்வோம்."

மில்லி ஒட்டித்தான் பிடித்திருந்தான்.

"சரி, ஆச்சு. விடுங்க."

டேப் லேசாக இழுத்தது. விரல்கள் அசையவில்லை.

"தம்பி, விடலாம்."

அத்தை எதையோ சொல்ல வந்தாள். அக்கா அவள் கையைத் தொட்டாள். பெட்டிக்காரர் அறையிலிருந்தவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு மறுபடி குனிந்து, இன்னும் அளவு முடியாதவர் போல, தன் பக்கத்து முனையை அப்பாவின் தலையருகே பிடித்துக்கொண்டு நின்றார்.