கண்ணாடியில் ஒரு சண்டை

"தவளை கூட்டத்தில் பேசினார்" என்று நாளிதழின் தலைப்பை அவள் உரக்கப் படித்ததும், முடி வெட்டிக்கொள்ள வந்திருந்தவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அங்கே இருந்தது 'தலைவர்'. முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை ஊகித்துக்கொள்வது அவள் வழக்கம். கத்தரியோடு நின்ற அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதை அவள் கண்ணாடியில் பார்த்துவிட்டாள்.

எட்டு வயது. வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். பேச்சில் யாருக்கும் சளைத்தவளில்லை. எழுத்தைக் கூட்டிப் படிக்கத்தான் வரவில்லை. லீவில் அப்படியே விட்டால் தெரிந்ததும் போய்விடும் என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். அம்மா பகலெல்லாம் மருத்துவமனை வேலையில். அதனால் அப்பா அவளை சலூனுக்கு அழைத்து வந்தார். நாலு பேர் முன்னால் படித்தால் கூச்சம் போய்விடும் என்பது அவர் கணக்கு.

அன்று அவள் வாயை மூடியவள்தான். வீட்டிலும் பேசவில்லை. அம்மா கேட்டதற்கு அப்பாவே நடந்ததைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். அவளைப் படுக்கவைக்கப் போனபோது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சின்ன முதுகு. அதைத் தொடவும் அவருக்குத் தயக்கமாக இருந்தது.

மறுநாள் சலூனில், உள்ளே போய் வெந்நீர் எடுத்து வந்தவர், கண்ணாடியைப் பார்த்து நின்றார். ஷேவிங் நுரையைத் தொட்டு விரலால் எழுதியிருந்தாள்: 'நீ கேட்ட அப்பா. நீ சிறிச்ச.'

யாரும் சொல்லாமல் அவள் எழுதிய முதல் வரி. துடைக்கப் போன துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, அவரும் நுரையைத் தொட்டு கீழே எழுதினார்: 'ஆமா, கெட்ட அப்பாதான். சிரிச்சது தப்பு. மன்னிச்சிரு.' பிறகு வாசலுக்குப் போய், பெருக்கிய இடத்தையே திரும்பப் பெருக்கினார். உள்ளேயிருந்து மெல்லிய குரல் கேட்டது. ம... ன்... னி... விளக்குமாறு அசையவில்லை.

திரும்பி வந்தபோது பதில் இருந்தது: 'முடியாது.'

பிழையில்லை. சந்தோஷத்தை மறைக்க அவர் சீப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

அந்தச் சண்டை நீண்டது. ஐஸ்கிரீம் கேட்டு ஒரு வரி, சளி பிடிக்கும் என்று ஒரு வரி, பிடிக்காது என்று பெரிதாக ஒரு வரி. 'சிறிச்ச' தானாகவே 'சிரிச்ச' ஆனது. வாடிக்கையாளர்கள் எழுத்துகளின் இடுக்கில் முகம் பார்த்துப் பழகிக்கொண்டார்கள். நுரை டப்பா ஏன் இப்படிக் காலியாகிறது என்று அம்மா கேட்டபோது இருவருமே வாய் திறக்கவில்லை.

ஒரு நாள், முதலில் வயிறு குலுங்கச் சிரித்த அந்த வாடிக்கையாளர் ஷேவிங்குக்கு வந்தார். கண்ணாடியில் 'இண்ணிக்கும் பேச மாட்டேன்' என்றிருந்தது. தப்பைத் துடைக்க விரலை நீட்டினார்.

"அண்ணே, அது எங்க வீட்டுச் சண்டை. நீங்க நடுவுல வராதீங்க," என்றார் அப்பா.

மூலையில் களுக்கென்று ஒரு சிரிப்பு. வாயாடி ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"கொஞ்சம் நகருங்க மாமா. எழுதணும்."

பாதி முகத்தில் நுரையோடு அவர் நாற்காலியை நகர்த்தினார். அவள் மேல் விளிம்பிலிருந்து பெரிய பெரிய எழுத்தாகத் தொடங்கினாள். 'அப்பா நாளைக்கு நான் உனக்கு' வரையில் வந்ததும் கண்ணாடி முடிந்துவிட்டது. நுரை சொட்டும் விரலோடு சுவரைப் பார்த்தாள். கத்தியை உயர்த்தியபடி அப்பாவும், கழுத்தைத் திருப்பியபடி மாமாவும் அடுத்த எழுத்துக்குக் காத்திருந்தார்கள்.