உள்தாழ்ப்பாள்

கடைசித் திருகாணி மட்டும் வர மறுத்தது. சுப்புராயன் புதுக் குளியலறையின் கதவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, திருப்புளியை இரண்டு கையாலும் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தார். வீட்டுக் கூடத்தில் அவர் மனைவி வெள்ளையம்மாள் தெற்கே தலைவைத்துக் கிடந்தாள். தலைமாட்டில் விளக்கு எரிந்தது. பெண்டாட்டி செத்துக் கிடக்கையில் மனிதன் தோட்டத்துப் பக்கம் போய்த் தாழ்ப்பாளைக் கழற்றுகிறான் என்ற சேதி அதற்குள் தெருக்கோடிவரை போயிருந்தது. துக்கம் தலைக்கேறிவிட்டது என்று சிலர் பாவப்பட்டார்கள். அவனுக்கு எப்போதுமே அப்படித்தான், இல்லாவிட்டால் குளிப்பதற்குப் போய் எவனாவது கட்டடம் கட்டுவானா என்று மற்றவர்கள் நினைவுபடுத்தினார்கள்.

அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கூட்டேரிப்பட்டுக்குக் கிழக்கே இருந்த அந்த ஊரில் நெல்லுக்கு அறை உண்டு, மாட்டுக்குக் கொட்டகை உண்டு, மல்லாட்டைக் கடலை மூட்டைக்குக்கூட ஓடு போட்ட இடம் உண்டு. குளிக்க மட்டும் ஒன்றும் கிடையாது. ஆண்களுக்குக் கிணறு. பெண்களுக்குப் பனையோலைத் தட்டி. விடியுமுன் எழுந்து தட்டி மறைவில் நாலு சொம்பு ஊற்றிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் ஈரப்புடவையோடு வீட்டுக்குள் ஓடிவந்துவிட வேண்டும். முப்பத்தைந்து வருஷம் வெள்ளையம்மாள் அப்படித்தான் குளித்தாள். சுப்புராயன் அதைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. அவர் கிணற்றில் ஊருக்கே கேட்கும்படி குதித்துக் குளிக்கிறவர்.

ஆசை வந்த இடம் திண்டிவனம். போன வருஷம், அறுபத்தொன்றில், காதுவலிக்கு வைத்தியம் பார்க்கப் போனவள் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, தெரிந்த நர்ஸ் இருதயமேரியின் வீட்டில் தங்கினாள். அது பழைய காலத்து வீடு. காலையில் குளிக்கச் சொல்லி ஓர் அறையைக் காட்டினார்கள். கருங்கல் தரை, சுவரில் பதித்த செப்பு அண்டா, திருகினால் தண்ணீர் கொட்டும் பித்தளைக் குழாய், உள்ளே ஒரு தாழ்ப்பாள். உள்ளே போனவள் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. இருதயமேரி பயந்துபோய் மூன்று தடவை கதவைத் தட்டினாளாம். வீட்டுக்கு வந்ததும் வெள்ளையம்மாள் காதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "மணி எட்டு இருக்கும். வெயிலு வந்தப்பறம் குளிச்சேன்" என்றாள். அதில் என்ன அதிசயம் என்று சுப்புராயனுக்குப் புரியவில்லை. வெயிலில் குளித்தால் ஜலதோஷம் பிடிக்காது, நல்லதுதானே என்றார்.

மறுவாரமே வீட்டின் பின்சுவரில் கரிக்கட்டியால் கோடு கிழித்தாள். மேஸ்திரி சவுரிராயன் எத்தனையோ வீடு கட்டியவர். இந்த ஒன்றுக்கு மட்டும் தினமும் அவளைக் கேட்டுக்கேட்டுத்தான் கல் வைத்தார். சிமெண்டுத் தரை வேண்டாம், எண்ணெய் தேய்த்தால் வழுக்கும், கொத்திவிட்ட கருங்கல்தான் வேண்டும் என்றாள். ஜன்னல் கூடாது, ஆளுயரத்துக்கு மேலே ஒரு சந்து போதும், கூரையில் ஒரு கண்ணாடி ஓடு வேண்டும் என்றாள். "வெளிச்சம் வரணும், கண்ணு வரக்கூடாது." தண்ணீர்த் தொட்டியும் அண்டாவுக்கு அடுப்பும் வெளிப்பக்கம். எதற்கும் கதவைத் திறந்து யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டிய சுப்புராயன் நீளத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார். எட்டடி.

"ஒரு ஆளு குளிக்க எட்டடி எதுக்குடி? படுத்துக்கினா குளிக்கப் போற?"

மேஸ்திரி சிரித்தார், சிற்றாட்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். ஆனால் அரையடிகூடக் குறைக்கச் சம்மதிக்கவில்லை.

சாமான் வாங்க மயிலம் ஸ்டேஷனில் பாசஞ்சர் ஏறி விழுப்புரம் போனார்கள். மருமகள் அம்சாவும் கூட வந்தாள். கடைக்காரர் எந்த டவுனில் வீடு என்று கேட்டார். கிராமம் என்றதும், அங்கே ஏது பைப்பு என்று சந்தேகப்பட்டார். தொட்டி கட்டிச் சுவரில் துளை போட்டு இழுத்துக்கொள்வோம் என்று வெள்ளையம்மாள் அவருக்கு விளக்கினாள். பளபளவென்று வெள்ளைப் பீங்கான் பிடி போட்ட குழாய்களை அவர் எடுத்துவைத்தார். அவள் ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தாள், உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள், காதருகே வைத்து ஆட்டியும் பார்த்தாள். கடைசியில் மொத்தையாக, பழைய மாதிரியில் இருந்த பித்தளைக் குழாயைத்தான் எடுத்தாள். தாழ்ப்பாளும் பித்தளைதான். இரும்பு போதுமே என்றார் சுப்புராயன். ஈரத்தில் துருப்பிடித்து இறுகிக்கொண்டால் உள்ளே இருக்கிறவள் கதி என்ன என்று கேட்டு அவர் வாயை அடைத்தாள். ஒரு சாண் நீளத்தில் கனமான தாழ்ப்பாள் அது. ரயிலில் வரும் வழியெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டு இழுப்பதும் தள்ளுவதுமாக இருந்தாள்.

அந்தத் தாழ்ப்பாளில்தான் வினை வந்தது. ஊர்த் தச்சர் மண்ணாங்கட்டி கெட்டிக்காரர். தோட்டத்துப் பக்கம் தனியாக ஓர் அறை என்றால் அது நெல் அறையாகவோ வைக்கோல் அறையாகவோதான் இருக்க வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். ஆடு, நாய் நுழையாமல் இருக்க அதற்கெல்லாம் வெளியேதான் தாழ்ப்பாள். இதற்கும் வெளியே மாட்டிவிட்டுப் போய்விட்டார். சுப்புராயனும் பக்கத்தில் நின்று பார்த்தார். அவருக்கும் தப்பாகத் தோன்றவில்லை. வெள்ளையம்மாள் உள்ளே போனாள், கதவைச் சாத்தினாள். கதவின்மேல் கை தடவுகிற சத்தம் கேட்டது. பிறகு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, இவர் முகத்தையே பார்த்தாள்.

மாற்றச் சொல்லி ஆள் அனுப்பினால், மண்ணாங்கட்டி விக்கிரவாண்டியில் கல்யாணக் கட்டில் வேலைக்குப் போயிருந்தார். நாளைக்கு, நாளைக்கு என்று பத்து நாள் ஓடிவிட்டது. மற்றபடி அறை தயார். குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. "யாரு வந்து எட்டிப் பாக்கப் போறாங்க? கதவ சாத்திக்கினு குளியேன்" என்றார் சுப்புராயன். இருக்கட்டும், தாழ்ப்பாளை மாற்றட்டும் என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் தட்டி மறைவுக்கே போனாள். வெள்ளிக்கிழமை பால் காய்ச்சிவிட்டுக் குளிக்கலாம் என்று அம்சாவிடம் சொல்லி வைத்திருந்தாள்.

இன்று செவ்வாய். விடியுமுன் குளித்துவிட்டு ஈரப்புடவையோடு ஓடிவந்தவள், மாரை அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று கூடத்தில் உட்கார்ந்தாள். அம்சா வெந்நீர் கொண்டுவருவதற்குள் தலை சுவரோடு சாய்ந்துவிட்டது. அந்த டம்ளர் இன்னும் அப்படியே கூடத்து மாடத்தில் இருந்தது.

திருகாணி கடைசியில் அசைந்தது. தாழ்ப்பாள் கைக்கு வந்தது. புது மோட்டார் செட்டோடு வந்த திருப்புளி அது. பத்து நாளும் வீட்டு உத்தரத்தின்மேல்தான் கிடந்தது. கால் மணி நேர வேலை. தச்சன் வேலையைத் தச்சன்தானே செய்ய வேண்டும் என்று இருந்துவிட்ட தன்னை நினைக்க அவருக்கே வெறுப்பாக இருந்தது.

தாழ்ப்பாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கட்டி முடித்த பிறகு அவர் அந்த அறைக்குள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. அளவு பார்த்துத் திருகாணி இறக்கி முறுக்கினார். சரியாக விழுகிறதா என்று பார்க்கக் கதவைச் சாத்தித் தள்ளினார். விழுந்தது. உடனே எல்லாம் அமைதியாகிவிட்டது. கூடத்து அழுகுரல் தூரத்துக்குப் போய்விட்டது. கண்ணாடி ஓட்டிலிருந்து வெயில் கருங்கல்லில் விழுந்திருந்தது.

வேடிக்கை பார்க்கிறவர் மாதிரி அவர் சுற்றிலும் பார்த்தார். சீயக்காய்க்கு ஒரு மாடம், உட்கார்ந்தால் கைக்கு எட்டுகிற உயரத்தில். எண்ணெய் தேய்க்க ஒரு கல். சுவரில் இரண்டு கொக்கி, ஒன்று இந்தக் கோடியில், ஒன்று அந்தக் கோடியில். துணி மாட்ட எதற்கு இவ்வளவு தூரம்? குழாயைத் திருகிவிட்டுத் தண்ணீர் போகிற வழியைப் பார்த்தார். ஐந்தடிவரை ஓடிய தண்ணீர் அதற்குமேல் ஏறவில்லை, தூம்புக்குத் திரும்பிவிட்டது. கதவுப் பக்கம் மூன்றடி இடம் விரற்கடை உயரமாக, காய்ந்தே இருந்தது. அங்கேதான் இரண்டாவது கொக்கி இருந்தது.

அங்கே போய் நின்றார். ஈரம் படாமல் நின்று புடவை கட்டிக்கொள்ள ஒரு இடம். எட்டடி எதற்கென்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவர் கேட்ட கேள்விதான் வேறு.

வெளியே வந்தபோது வெள்ளையம்மாளின் அண்ணன் அப்பாதுரை ஒலக்கூரிலிருந்து கோடிப் புடவையோடு வந்திருந்தார். தெருவில் பெஞ்சு போட்டாயிற்று. சுற்றி மறைத்துப் பிடிக்க நாலு பெண்கள் புடவையோடு தயாராக நின்றார்கள். சுப்புராயன், எண்ணெய் சீயக்காய் வைக்கிற முறையெல்லாம் கூடத்திலேயே நடக்கட்டும், குளிப்பாட்டுவது மட்டும் பின்னால் அறையில் என்றார். அங்கிருந்து வீட்டோரச் சந்து வழியாகத் தெருவுக்குக் கொண்டுவந்துவிடலாம், எடுத்த உடம்பு வீட்டுக்குள் திரும்ப வேண்டியதில்லை என்பதையும் யோசித்து வைத்திருந்தார். பிறந்த வீட்டுக்காரர் சொல்லுக்கு மேல் சொல் இல்லை என்பதால் எல்லோரும் அப்பாதுரையைப் பார்த்தார்கள்.

"ஊரு ஒலகத்துல இல்லாத வழக்கமா இருக்குது மாப்ள. நாலு பொடவய மறைச்சிப் புடிச்சி ஊத்தறதுதான மொற."

"மறைப்புலயேதான் மச்சான் அவ இத்தினி வருசமும் குளிச்சா. இன்னிக்கி ஒரு நாளு கதவ சாத்திக்கினு குளிக்கட்டும்."

அப்பாதுரைக்குக் கண் கலங்கியது. ஆனால் அவர் விவரம் தெரிந்தவர். தோளைத் தொட்டு மெதுவாகத்தான் சொன்னார். "செரி, குளிப்பாட்டிடலாம். அப்பறம் எந்தப் பொம்பள அதுல கால வைப்பா? பால் காய்ச்சாத கட்டடம். பொணம் குளிச்ச ரூமுன்னு பூட்டிப் போட்டுடுவீங்க. அதுக்கா என் தங்கச்சி அவ்ளோ பாடுபட்டா?"

அவர் சொன்னது சரிதான் என்று சுப்புராயனுக்குப் பட்டது. பூட்டிக் கிடந்தால் அது நெல் அறைதான். வெளித்தாழ்ப்பாள் போட்ட மண்ணாங்கட்டி கெட்டிக்காரனாகிவிடுவான். அவர் திருப்புளியை வேட்டி மடிப்பில் செருகி எடுத்து, மறுபடியும் செருகிக்கொண்டிருந்தார்.

"நான் குளிக்கிறேன் மாமா" என்று கூடத்து வாசற்படியிலிருந்து அம்சாவின் குரல் வந்தது. அந்த வீட்டுக்கு வந்த இரண்டு வருஷத்தில் ஆண்கள் நடுவே அவள் வாய் திறந்ததில்லை. "இன்னிக்கே குளிக்கிறேன்."

அப்பாதுரை அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கோடிப் புடவையை அவள் கையில் கொடுத்தார்.

பெண்கள் ஐந்து பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். உள்ளே கிடத்த இடம் தாராளமாக இருக்கிறது என்று யாரோ சொன்னது வெளியே கேட்டது. படுத்துக்கொண்டா குளிக்கப் போகிறாய் என்று தான் கேட்டது சுப்புராயனுக்கு நினைவு வந்தது. காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே, சாத்திய கதவுக்குப் பின்னால் பித்தளை நகர்ந்து விழுகிற சத்தத்தையும் கேட்டார்.

சுடுகாட்டில் மகன் சீனுவாசன் கொள்ளி வைத்த பிறகு, ஆண்களெல்லாம் ஏரியில் முழுகித் திரும்பியபோது நாலரை மணி. மற்றப் பெண்கள் முன்னமே கிணற்றடியில் தலைமுழுகிவிட்டிருந்தார்கள். அம்சா மட்டும் வீட்டைக் கழுவி விளக்கேற்றும் வேலையில் இருந்தாள். தெருப்பெண்கள் இருவர் ஏதோ பேச வந்தவர்கள்போல் தோட்டத்துப் பக்கம் நின்றிருந்தார்கள். போகிறாளா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அம்சா உலர்ந்த புடவை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாள் விழுந்தது. நாலு சொம்பு மடமடவென்று கொட்டியது, தட்டி மறைவில் ஊற்றிக்கொள்கிற அதே அவசரத்தோடு. பிறகு சத்தம் நின்றுவிட்டது. அப்பாதுரை சுப்புராயனைப் பார்த்தார்.

குழாய் திருகுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் நிதானமாக விழத் தொடங்கியது. தூம்பு வழியாகச் சீயக்காய் நுரை வந்து வாழைக்கன்றைச் சுற்றிக்கொண்டு போயிற்று. தெருப்பெண்கள் சற்று நின்று பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள். தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருந்தது. சுப்புராயன் தொட்டியருகே உட்கார்ந்து மேலே பார்த்தார். கண்ணாடி ஓட்டின்மேல் வெயில் இருந்தது.